ஊழின் கணக்கும் கோலின் கணக்கும்

சிலப்பதிகாரத்தைப் பற்றிய பட்டிமன்றங்களில் நெடுங்காலமாக ஒலித்துவரும் விடை ஒன்று உண்டு. கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் யார் என்று வினவினால், பாண்டியன் என்பாரும் பொற்கொல்லன் என்பாரும் போக, 'கோவலனே' என்பாரும் பலர். கட்டிய மனைவியை நீத்தான். குலத்தார் ஈட்டிய பெரும்பொருளை மாதவியின் மனையில் தொலைத்தான். ஆதலின் மதுரையில் அவனுக்கு நேர்ந்தது தகும் என்பது அவர்தம் வாதம். வகுப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் இவ்விடை தவறாது தலைகாட்டும். ஆசிரியரும் அதனை அடித்துத் திருத்துவதில்லை. ஓரளவு மதிப்பெண் இட்டு அமைந்துவிடுவர்.

கேட்பதற்கு இவ்விடை அறம் போலவே தோன்றும். ஆயின், சற்று நின்று எண்ணினால் இதன் குறை புலப்படும். கோவலன்மேல் சாட்டப்பட்ட குற்றம் ஒன்று. இவ்விடை கூறுவோர் அவனுக்குத் தண்டம் விதிக்கும் குற்றம் வேறொன்று. சிலம்பைத் திருடினான் என்று பிடித்து, மனைவியைப் பிரிந்ததற்காகக் கொல்லலாம் என்று ஒப்புக்கொள்ளும் நீதி இது.

இவ்வினா பழங்காப்பியத்தோடு முடிந்துவிட்ட ஒன்றன்று. இன்றைய நீதிமன்றங்களிலும் இது பெருவழக்காக நிற்கிறது. ஒரு குற்றத்திற்காகத் தண்டனை பெறுகின்றவனுக்கு அத்தண்டனையின் அளவைக் குறிக்கும்போது, அவன் விடுதலை பெற்றுவிட்ட மற்றொரு குற்றத்தையும் நீதிபதி கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா? சேர்க்கலாம் என்று சொல்லும் நாடும் உண்டு. கூடாது என்று சொல்லும் நாடும் உண்டு. இளங்கோவடிகளின் காப்பியத்தை உற்று நோக்கினால் அதிலும் ஒரு விடை கிடைக்கிறது. அவ்விடை, 'கோவலனே' என்று கூறுவாரின் விடைக்கு நேர்மாறானது.

வினாவின் வடிவு

முதற்கண் வினாவைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். மெர்சிங் ஆற்று முகத்துவாரத்துப் படகுத்துறையை மனக்கண்முன் கொண்டு, கற்பனையாக ஒரு வழக்கை அமைத்துப் பார்ப்போம். தியோமான் தீவுக்கு ஆள் ஏற்றும் படகுகளும் மீன்பிடி படகுகளும் நிற்கும் அத்துறையில், ஓர் இரவு ஒரு படகின் மோட்டார் களவு போகிறது. தடுக்க வந்த காவற்காரர் இரும்புத் தடியால் அடிபட்டுக் கிடக்கிறார். சில நாள் சென்று ஒருவன் வீட்டில் அம்மோட்டார் அகப்படுகிறது. அவன்மேல் இரு குற்றங்கள் சாட்டப்படுகின்றன: ஒன்று களவு, மற்றொன்று காவற்காரரை அடித்துக் காயப்படுத்தியது.

விசாரணையில் களவு மெய்ப்பிக்கப்படுகிறது. அடித்ததோ மெய்ப்பிக்கப்படவில்லை. இருளில் அடித்தவன் முகத்தைக் காவற்காரர் கண்டிலர். வேறு ஆட்களும் அங்கு நடமாடியதற்குச் சான்று இருக்கிறது. ஆதலின் களவுக்குக் குற்றவாளி என்றும், அடித்த குற்றத்தினின்று விடுதலை என்றும் தீர்ப்பாகிறது. அடுத்து, தண்டனையின் அளவைக் குறிக்க வேண்டும். அப்பொழுது நீதிபதியின் உள்ளத்தில், 'அடித்தவனும் பெரும்பாலும் இவனாகவே இருத்தல் கூடும்' என்றோர் எண்ணம் எழுகிறது. களவுக்கு ஓராண்டு போதும் என்று கருதியவர், அவ்வெண்ணத்தால் மூன்றாண்டு விதிக்கிறார்.

இத்தண்டனையின் பெயர் களவுத் தண்டனை. அதனுள் இருப்பதோ அடித்ததற்கான தண்டனை. முன்வாயில் வழியே வெளியே அனுப்பப்பட்ட குற்றச்சாட்டு, பின்வாயில் வழியே உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. ஒருவனைக் குற்றவாளி என்று கூற, நியாயமான ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தல் வேண்டும் என்பது சட்டம். 'பெரும்பாலும் இருக்கலாம்' என்ற எண்ணம் அவ்வளவையைக் கடக்காது. அளவையைக் கடவாத ஒன்று, தண்டனையில் மட்டும் இரண்டாண்டு கனம் பெற்றுவிடுகிறது. இதுவே வினா.

கொலைக்களத்தில் நடந்தது

இனிக் காப்பியத்துள் புகுவோம். கொலைக்களக் காதையைப் பலரும் பொற்கொல்லனின் வஞ்சத்தைக் காட்டும் காதை என்றே படித்துச் செல்கின்றனர். அதனை ஒரு வழக்கு விசாரணையாக வைத்துப் படித்தால் வேறு பல நுட்பங்கள் தோன்றும்.

பாண்டியன் அரசியின் ஊடலைத் தீர்க்க விரைந்து செல்லும் வேளை. வழியில் பொற்கொல்லன் வந்து, அரசியின் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று அதனைக் கொணர்க என்று அரசன் காவலருக்கு ஆணையிடுகிறான். கையில் இருத்தல் ஒன்றே களவுக்குச் சான்று என்றாகிவிட்டது. அது யாருடைய சிலம்பு என்ற வினா எழவேயில்லை.

காவலர் சென்று கோவலனைக் காண்கின்றனர். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலை செய்யத் தக்க கள்வனாகத் தோன்றவில்லை என்று அவர்கள் தயங்குகின்றனர். ஐயம் பிறந்துவிட்டது. ஐயம் பிறந்த இடத்தில் விசாரணை பிறந்திருத்தல் வேண்டும். அதற்கு மாறாக, பொற்கொல்லன் களவு நூல் பேசத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளை அடுக்குகிறான். அவன் கூறியவற்றுள் ஒன்றேனும் கோவலன் செய்தது என்று காட்டப்பட்டதா? இல்லை. எல்லாம் கள்வர் என்ற பொதுப்பெயர் உடையாரின் செயல்கள்.

அதனை அடுத்து இளங்காவலன் ஒருவன், முன்னொரு நாள் மழையிரவில் நீலநிற உடையணிந்த கள்வன் ஒருவன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். அக்கள்வன் கோவலன் அல்லன். யாரோ செய்த களவு அது. ஆயினும் அக்கதை முடிந்தவுடன், கள்ளுண்டு அறிவிழந்த ஒருவன் வாளை எறிகிறான்; கோவலன் வெட்டுண்டு வீழ்கிறான்.

கோவலனை வீழ்த்தியவை எவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கையிலிருந்த சிலம்பு காவலரின் ஐயத்தை நீக்கவில்லை. ஐயத்தை நீக்கியவை, பிறர் செய்த களவுகளைப் பற்றிய பேச்சும், மெய்ப்பிக்கப்படாத ஒரு பழங்கதையுமே ஆகும். சாட்டப்பட்ட செயலுக்குப் புறம்பானவற்றைக் கேட்டு வாள் இறங்கியது. இளங்கோவடிகள் இதனை எதிர்பாராது அமைத்தார் என்று கூறுதல் பொருந்தாது. ஐயம், பேச்சு, கதை, வாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவர் வைத்த ஒழுங்கே இதற்குச் சான்று.

மற்றுமொன்று. இக்காதைக்கு முன்னர் அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையோன் வாயிலாகக் கோவலனின் நற்செயல்கள் கூறப்படுகின்றன. மதயானையின் கையில் அகப்பட்ட முதியவனைக் காத்தான். கீரியைக் கொன்ற பாவத்தால் கணவன் நீத்துச் சென்ற பார்ப்பனியின் துயர் துடைத்தான். பொய்க்கரி கூறியதற்காகப் பூதம் பற்றிய ஒருவனுக்காகத் தன் உயிரையே தர முன்வந்தான். பொய்ச்சாட்சி கூறியவனையும் காக்க நின்றவன், அடுத்த காதையிலேயே ஒரு பொய்ச்சாட்சியால் மாள்கிறான்! மாதவியின் மனையில் அவன் செய்த பிழையைத் தண்டனைக் கணக்கில் எழுதுவோர், இந்நற்செயல்களை ஏன் அக்கணக்கில் எழுதுவதில்லை? முழு வாழ்வையும் எடைபோட வேண்டும் என்றால் இரு தட்டும் நிறைய வேண்டும். ஒரு தட்டை மட்டும் நிரப்புவது எடையிடுதல் ஆகாது.

மதுராபதியின் கணக்கு

இங்கே ஒரு தடை எழும். 'கோவலன் இறந்தது முன்வினையால் என்று காப்பியமே கூறுகிறதே! ஊழ்வினை வந்து தன் பயனை ஊட்டும் என்பது நூலின் மூன்று உண்மைகளுள் ஒன்றாயிற்றே!' என்பர். இத்தடை வலியது, மேலெழுந்தவாரியாக விடுக்கத் தக்கதன்று.

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கோவலனின் முற்பிறப்பைக் கூறுகிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அவன் பரதன் என்ற பெயருடன் அரசன் பணியில் இருந்தான். கபிலபுரத்திலிருந்து அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைவனின் ஒற்றன் என்று கூறி அரசனிடம் காட்டிக் கொலை செய்வித்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, தனக்குத் துன்பம் செய்தாரும் இத்துன்பம் உறுக என்று சாபமிட்டு உயிர் நீத்தாள். அச்சாபமே கோவலனைத் தொடர்ந்தது.

இக்கதையைப் படிப்போர் கதையின் முடிவை நினைவில் கொள்கின்றனர். பரதன் செய்த குற்றம் யாது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மெய்ப்பிக்கப்படாத ஒரு பழியைக் கூறி ஒருவனைக் கொலைக்கு ஆளாக்கியதே அவன் குற்றம். அணிகலன் விற்க வந்த வணிகன், ஆராயப்படாத குற்றச்சாட்டு, விரைந்து நிகழ்ந்த கொலை, தனித்து அலைந்த மனைவி ஆகிய நான்கும் மதுரையில் மீண்டும் வருகின்றன. ஆராயாத தண்டனை எவ்வளவு பெரிய பாவம் என்பதை அறிவிப்பதற்காகவே ஊழ் அங்கு வருகிறது. அவ்வூழையே எடுத்துக்காட்டி ஆராயாத தண்டனையைத் தகும் என்று கூறுவது, கதையைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

அன்றியும், ஊழ் கணக்கிட்டதனால் அரசன் பிழைத்தானா? பிழைக்கவில்லை. கண்ணகி தன் சிலம்பினுள் மாணிக்கப் பரல் உண்மையைக் காட்டினாள். அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல். தானே கள்வன் என்று கூறி, அரசன் அரியணையிலேயே உயிர்விட்டான். 'ஊழின்படி நடந்தது; யான் கருவியே' என்று அவன் கூறவில்லை; காப்பியமும் அவ்வாறு கூற அவனை விடவில்லை. ஊழின் கணக்கு பிறப்புகளைக் கடந்து செல்லும், காணாததையும் காணும், யாரும் மெய்ப்பிக்காததையும் அறியும். கோலின் கணக்கோ அவையில் வைத்து ஆராயப்பட்டதோடு நிற்க வேண்டும். தெய்வத்தின் ஏட்டை அரசன் கையில் எடுத்தல் கூடாது. மதுரைக் காண்டம் உணர்த்தும் நீதி இதுவே.

இக்காப்பியத்தின் எல்லாப் பகுதியும் இந்நீதிக்கு ஒத்து நிற்கிறது என்று கூறிவிடவும் இயலாது. பின்னர்க் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகிறது. ஒருவன் செய்த வஞ்சத்துக்கு ஆயிரவர் உயிர் தந்தனர். இதனைப் பாராட்டி எழுதும் உரைகளும் உள. பாராட்டுதல் தகாது. குற்றவாளியின் பெயரை விட்டு அவன் இனத்தின் பெயருக்குத் தண்டம் விதிக்கும் இச்செயலும், பொற்கொல்லன் எடுத்துரைத்த களவு நூலும் ஒரே வேரில் முளைத்தவை. பெருநூலை மதிக்கும் திறனாய்வாளர் அதன் இருளையும் மறையாது காட்டுதல் வேண்டும்.

ஜொகூரில் எழுந்த வழக்கு

அவையில் ஆராயப்பட்டதோடு நீதி நிற்க வேண்டும் என்னும் இக்கோட்பாட்டை உலகச் சட்ட நூல்களில் நிலைநாட்டிய வழக்குகளுள் தலையாயது ஒன்று, ஜொகூர் மண்ணிலேயே ஒரு தமிழர்மேல் எழுந்தது என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி. 'சம்பசிவம் எதிர் மலாயாக் கூட்டரசு அரசு வழக்குரைஞர்' என்பது அதன் பெயர்.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி ஏந்துவோருக்குத் தூக்கு என்று அவசரகால விதிகள் கூறின. அவ்வாண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி குறித்துச் சம்பசிவம் என்பார்மேல் இரு குற்றங்கள் சாட்டப்பட்டன: துப்பாக்கி ஏந்தியது ஒன்று, தோட்டாக்களை வைத்திருந்தது மற்றொன்று. அக்காலத்தில் இத்தகைய வழக்குகளை நீதிபதி, அசெசர்கள் துணையுடன் விசாரிப்பார். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்தினின்று அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றத்தை மட்டும் மீண்டும் விசாரிக்குமாறு ஆணையாயிற்று.

இரண்டாம் விசாரணையில், அவர் கொடுத்ததாகக் கூறப்பட்ட ஒரு வாக்குமூலத்தை அரசுத் தரப்பு சான்றாகக் கொண்டது. துப்பாக்கி, தோட்டா இரண்டும் தம்மிடம் இருந்தன என்று அதில் கண்டிருந்தது. தோட்டாக் குற்றத்தில் அவர் விடுதலை பெற்றவர் என்பதோ, ஆதலின் வாக்குமூலத்தின் அப்பகுதியை மெய்யென்று கொள்ளல் ஆகாது என்பதோ அசெசர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மலாயா மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது.

1950-ஆம் ஆண்டில் அங்குத் தீர்ப்பு வழங்கியவர் மெக்டர்மட் பிரபு. விடுதலை என்பதன் பொருள், அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்கக் கூடாது என்பதோடு முடிந்துவிடாது. அவ்விடுதலை, அதே இரு தரப்பாரிடையே பின்னர் எழும் எல்லா நடவடிக்கைகளிலும் முடிந்த முடிபாகக் கொள்ளப்படும் என்பது அவர் கருத்து. அரசுத் தரப்பு அதனைச் சரியென ஏற்றே ஆக வேண்டும். மறைமுகமாக அதனைக் கேள்விக்கு உள்ளாக்கவும் கூடாது. வாக்குமூலத்தின் பாதி பொய்யென்று கொள்ளப்பட வேண்டியது எனின், மறுபாதியை எவ்வாறு நம்புவது என்பதை அசெசர்கள் எண்ணிப் பார்த்திருப்பர். அவ்வாய்ப்பே அளிக்கப்படவில்லை. தண்டனை நீக்கப்பட்டது. ஒரு மனிதர் தூக்குமேடையினின்று மீண்டார்.

இவ்வழக்கு சான்று பற்றியது. தண்டனையின் அளவு பற்றியதன்று. துப்பாக்கிக் குற்றத்துக்குத் தூக்கு ஒன்றே விதியாக இருந்தமையால் அளவு என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. எனினும் அடிப்படை ஒன்றே: நீதிமன்றம் அளித்த விடுதலை, அரசைக் கட்டுப்படுத்தும். இந்திய உச்ச நீதிமன்றம் 1956-இல் பஞ்சாபிலிருந்து வந்த பிரித்தம் சிங் வழக்கில் இக்கோட்பாட்டையே ஏற்றது. ஆயுதச் சட்டத்தின்கீழ் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தினின்று விடுதலை பெற்றவர்மேல், அத்துப்பாக்கி அவரிடம் இருந்தது என்பதையே கொலை வழக்கில் சான்றாகக் காட்டுதல் ஆகாது என்றது. ஜொகூரில் விதைத்தது இந்தியாவிலும் முளைத்தது.

மறுப்பாரின் வாதம்

மறுபக்கத்தாரின் வாதத்தையும் நேர்மையுடன் கேட்டல் வேண்டும். அவர் மூன்று கூறுவர். விடுதலை என்பது ஒருவன் தூயவன் என்பதற்குச் சான்றாகாது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதற்கே சான்று என்பது ஒன்று. தண்டிக்கும் நீதிபதி எதிரில் நிற்கும் மனிதனை முழுமையாக அறிதல் வேண்டும் என்பது இரண்டாவது. மெய்ப்பிக்கப்பட்ட குற்றத்திற்குச் சட்டம் வகுத்த உச்ச அளவைத் தாண்டாத வரையில் அநீதி ஏதும் இல்லை என்பது மூன்றாவது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997-ஆம் ஆண்டு வாட்ஸ் வழக்கில் இவ்வாதங்களின் பக்கமே நின்றது. போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்று, அது தொடர்பாகத் துப்பாக்கி பயன்படுத்திய குற்றத்தினின்று ஜூரிகளால் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனை குறிக்கும்போது, துப்பாக்கியையும் நீதிபதி கணக்கில் கொள்ளலாம் என்றது. 'பெரும்பாலும் உண்மை' என்னும் அளவைக்கு மெய்ப்பிக்கப்பட்டாலே போதும் என்பது அதன் முடிபு.

இதன் விளைவைப் பின்னர் வந்த ஒரு வழக்கு நன்கு காட்டும். இண்டியானா மாநிலத்தில் ஒரு மருந்துக்கடைக் கொள்ளையில் இளைஞர் ஒருவர் குற்றவாளியானார். அதனை ஒட்டி நிகழ்ந்த கொலைக் குற்றத்தினின்று ஜூரிகள் அவரை விடுவித்தனர். கொள்ளைக்கு மட்டும் எனின் வழிகாட்டு அளவு ஏறத்தாழ 5 முதல் 6 ஆண்டு. கொலையையும் கணக்கில் கொண்டு நீதிபதி விதித்ததோ 19 ஆண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. சட்டத்தின் உச்ச அளவைத் தாண்டவில்லை என்ற விடை, அவ்விளைஞரின் 13 ஆண்டுகளை ஈடுசெய்யுமா? ஜூரிகள் பன்னிருவர் நாள்தோறும் அமர்ந்து கேட்டுக் கூறிய சொல்லுக்குத்தான் என்ன பொருள்?

அந்நாட்டிலேயே மனமாற்றம் தோன்றியது. தண்டனை அளவுகளை வகுக்கும் கூட்டரசு ஆணையம், விடுதலை பெற்ற குற்றத்தை வழிகாட்டு அளவைக் கணக்கிடும்போது சேர்த்தல் ஆகாது என்று 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவு செய்தது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தண்டனை பெற்ற குற்றத்தை மெய்ப்பிக்கவும் அச்செயலே உதவுமாயின் அது விலக்கு. கணக்கிலிருந்து நீக்கப்பட்டதேயன்றி, நீதிபதி அதனை எண்ணவே கூடாது என்று முற்றும் தடுக்கப்படவில்லை. பாதிக்கதவு மூடியிருக்கிறது.

இங்கிலாந்தின் நிலை நுட்பமானது. 2000-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை, ஒரே வகைக் குற்றத்துக்காக முன்னர் நான்கு முறை விசாரிக்கப்பட்டு மூன்றில் விடுதலை பெற்ற ஒருவரின் வழக்கில், அம்முந்தைய நிகழ்ச்சிகளையும் புதிய குற்றத்துக்குச் சான்றாகக் காட்டலாம் என்றது. அவரை மீண்டும் அப்பழைய குற்றங்களுக்காகத் தண்டிக்காத வரையில் அது தகும் என்பது அதன் கருத்து. சம்பசிவம் வழக்கின் வலிமை அவ்வளவில் குறைந்தது. ஆயின் தண்டனையைப் பொறுத்த வரையில் அந்நாடு உறுதியாக நின்றது. அமெரிக்கா வாட்ஸ் வழக்கில் கதவைத் திறந்த அதே 1997-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தலைமை நீதிபதி பிங்ஹாம் பிரபு, ஒருவர் ஒப்புக்கொள்ளாததும் மெய்ப்பிக்கப்படாததுமான குற்றங்களுக்காக அவரைத் தண்டித்தல் ஆகாது என்று கனவன் முதலியோர் வழக்கில் தெளிவாக்கினார். சான்றின் எல்லை வேறு, தண்டனையின் எல்லை வேறு என்ற பிரிவினை இங்குப் புலனாகிறது.

வள்ளுவர் வகுத்த ஒழுங்கு

மறுப்பாரின் இரண்டாம் வாதமே வலியது. மனிதனை முழுமையாக அறியாமல் எவ்வாறு தண்டிப்பது? இதற்கு விடை காணத் திருக்குறளின் வெருவந்த செய்யாமை அதிகாரம் துணைசெய்யும். அவ்வதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் அரசனுக்கு மூன்று கடமைகளை ஒழுங்குபட வைக்கிறார்: தக்கவாறு ஆராய்தல், குற்றம் மீண்டும் நிகழாவண்ணம் நோக்குதல், குற்றத்திற்கு ஒத்த அளவில் ஒறுத்தல்.

மீண்டும் நிகழாவண்ணம் நோக்குதல் என்னும்போது மனிதனின் இயல்பையும் வருங்காலத்தையும் எண்ண வேண்டியதே. அவ்வளவில் மறுப்பாரின் வாதத்தை வள்ளுவரும் ஏற்பார். ஆயின் அதற்கு முன்னர் ஆராய்தலை வைத்தார். அதற்குப் பின்னர் ஒத்த அளவை வைத்தார். இரண்டு வேலிகளுக்கு நடுவே அது நிற்கிறது. ஆராய்ந்து முடிந்த ஒன்றை, ஆராயாதது போல் மீண்டும் எடுத்தல் முதல் வேலியை உடைப்பதாகும். களவுக்கு, அடித்ததன் அளவில் ஒறுத்தல் இரண்டாம் வேலியை உடைப்பதாகும். இந்த அதிகாரத்தின் பெயரே ஈண்டு நினைக்கத் தக்கது. வெருவத்தக்கது யாது? தண்டனை கடுமையானது என்பதைவிட, எதற்காகத் தண்டிக்கப்படுவோம் என்று குடிகள் அறியமுடியாமையே அச்சம் தருவது.

மனிதனை முழுமையாக அறிய வழி இல்லையா எனின், உண்டு. முன்னர்த் தண்டனை பெற்ற குற்றங்கள், அவனே ஒப்புக்கொண்டவை, இக்குற்றத்தை அவன் செய்த முறை, குடும்ப நிலை, செய்த நன்மை ஆகிய அனைத்தையும் நீதிபதி எண்ணலாம். இவை யாவும் மெய்ப்பிக்கப்பட்டவை அல்லது மறுக்கப்படாதவை. விடுதலை பெற்ற குற்றமோ மெய்ப்பிக்க முயன்று, முடியாது போனது. அதனை எண்ணுதல் மனிதனை அறிதல் ஆகாது. அவன்மேல் இருந்த ஐயத்தை மீண்டும் ஓதுதலே ஆகும்.

இன்றைய மலேசியாவில்

மலேசியக் கூட்டரசு அரசியல் அமைப்பின் 7-ஆம் பிரிவு, விடுதலை பெற்றவரை, மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டாலன்றி, அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்கக் கூடாது என்கிறது. மீண்டும் விசாரிக்கக் கூடாது என்பது தெளிவு. வேறொரு குற்றத்தின் தண்டனைக்குள் அதனை மறைத்து வைக்கலாமா என்பதே இனி எண்ணத்தக்க வினா.

இவ்வினாவுக்கு இன்று புதிய கனம் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 4 முதல் இந்நாட்டில் கட்டாயத் தூக்குத் தண்டனை நீக்கப்பட்டது. கொலைக் குற்றத்திற்கு முன்னர்த் தூக்கு ஒன்றே விதி. இன்றோ, தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் என்று நீதிபதி தேர்ந்து குறிக்க வேண்டியிருக்கிறது. சம்பசிவம் காலத்தில் இல்லாத அளவு என்னும் பொறுப்பு, இன்று நீதிபதியின் கையில் வந்துள்ளது. முப்பதா, நாற்பதா, கயிறா என்று எண்ணும் அந்த நேரத்தில் அவர் உள்ளத்தில் எவை நுழையலாம், எவை நுழையலாகாது என்பது உயிரைத் தொடும் வினா. கையில் கொடுத்த உரிமை பெரிதாகும் அளவுக்கு, அதன் எல்லையும் தெளிவாதல் வேண்டும்.

வகுப்பறையும் ஒரு நீதிமன்றமே

தமிழாசிரியருக்கு இதில் என்ன பங்கு எனின், பெரும்பங்கு உண்டு. நீதிபதிகளும் வழக்குரைஞர்களும் காவலரும் ஒருகாலத்தில் வகுப்பில் அமர்ந்தவரே. அவர்க்கு நீதியுணர்ச்சியை முதலில் ஊட்டுவது சட்டப் புத்தகம் அன்று, பள்ளியே. பணப்பை காணாமற்போன நாளில் ஒரு மாணவன்மேல் பழி விழுகிறது. ஆராய்ந்ததில் அவன் எடுக்கவில்லை என்று தெரிகிறது. அடுத்த வாரம் அவன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், மற்றவனுக்கு இரண்டு அடி என்றால் அவனுக்கு நான்கு விழுகிறது. ஏன் நான்கு என்பதை அடிப்பவரும் சொல்வதில்லை; அச்சிறுவன் மட்டும் அறிவான். விடுதலை என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை என்பதை அன்று அவன் கற்றுக்கொள்கிறான்.

கோவலனைப் பற்றிய கட்டுரையைத் திருத்தும்போது ஆசிரியர் ஒரு வினாவை ஓரத்தில் எழுதுதல் நலம்: 'அவன்மேல் சாட்டப்பட்ட குற்றம் யாது?' மாணவன் அதனை எண்ணத் தொடங்கினால், மாதவியைப் பற்றி அவன் எழுதியது பிழையான இடத்தில் நிற்பதை அவனே காண்பான். கோவலன் நல்ல கணவனா என்பது ஒரு வினா. அதற்குக் கண்ணகி விடை சொல்லட்டும். கோவலன் கள்வனா என்பது வேறொரு வினா. அரசவை கேட்க வேண்டியது அது ஒன்றையே. அதனைக் கேளாத அவை எரிந்தது.